சம்மதப் பத்திரத்தின் சரித்திரம்

குளிர்காலத்தில் ஒரு குறிப்பிட்ட புதன்கிழமையன்று, அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் விளையாட்டுக் கூடங்களில், பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பெற்றோர் இருபுறமும் அமர்ந்திருக்க, மேஜைமேல் வரிசையாக வைத்த கலாசாலைத் தொப்பிகளுள் ஒன்றை எடுத்துத் தலையில் அணிந்து, எந்தச் சர்வகலாசாலைக்காகக் கால்பந்து ஆடப் போகிறோம் என்பதை ஊரறியச் சொல்லி ஒரு காகிதத்தில் கையொப்பமிடுவதை, அந்நாட்டார் ஏறக்குறைய ஒரு பண்டிகையாகவே கொண்டாடி வந்திருக்கிறார்கள். (முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, எதிர்ப்பட்டவனை மோதி வீழ்த்தும் அவர்களுடைய ஆட்டத்தையே இங்கே கால்பந்து என்கிறேன்.) அறுபது ஆண்டுகள் வழக்கிலிருந்த அந்தக் காகிதம் பிள்ளையைக் கலாசாலையோடு இறுகப் பிணைத்தது, அவன் வீட்டுக்கு வந்து அவனுடைய தாயாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் போன பயிற்சியாளரையோ எதனோடும் பிணைக்கவில்லை.

1869 நவம்பர் 6ஆம் தேதி நியூ ஜெர்சி மாநிலத்து நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ் கலாசாலையார் பிரின்ஸ்டன் கலாசாலையாரை 6-4 என்று வென்ற முதல் பந்தயத்தில் ஆடியவர்கள், படிக்க வந்த இடத்தில் பொழுதுபோக்காக ஆடிய மாணாக்கர்களே. ஒரு தலைமுறை கழிவதற்குள் நிலைமை தலைகீழாயிற்று. 1896இல் மேற்கு வர்ஜீனியாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த பீல்டிங் யோஸ்ட் என்பவர், தொடர்ந்து 36 பந்தயங்களில் தோல்வியே காணாதிருந்த பென்சில்வேனியா அணியை எதிர்க்கவிருந்த லபாயெட் கலாசாலையில் சமயம் பார்த்துச் சேர்ந்து, அந்தப் பந்தயத்தில் ஆடி, லபாயெட் 6-4 என்று ஜெயித்த பின்னர், ஒன்றும் அறியாதவர்போல் பழைய இடத்துக்கே திரும்பிச் சட்டப் படிப்பை முடித்தார். இதைவிட ரசமானது அதன் பிற்பகுதி. ஆட்டக்காரராக இப்படித் தாவிய அதே மனிதர், பயிற்சியாளரான பிறகு 1897இல் ஒஹையோ வெஸ்லியன், 1898இல் நெப்ராஸ்கா, 1899இல் கான்ஸாஸ், 1900இல் ஸ்டான்போர்டு, 1901இல் மிஷிகன் என ஐந்து ஆண்டுகளில் ஐந்து கலாசாலைகளைக் கண்டார். 1902 ஜனவரி முதல் தேதியன்று பாஸடீனா நகரில் அவருடைய மிஷிகன் பிள்ளைகள், முந்தைய பருவத்தில் அவரே பயிற்றுவித்த ஸ்டான்போர்டு அணியை 49-0 என்று துவம்சம் செய்தார்கள். மாணாக்கன் தாவுவதைத் தடுக்கப் பின்னாளில் விதிகள் குவிந்தன; ஒரு கலாசாலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவன் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. பயிற்சியாளர் தாவுவதைத் தடுக்க அப்படி ஒரு விதி எழுதவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

1906இல் தோன்றி 1910இல் இன்றைய பெயரைப் பெற்ற தேசியக் கலாசாலை விளையாட்டுச் சங்கத்தின் முதல் ஐம்பதாண்டு வரலாற்றை இங்கே விரிவாகச் சொல்லப் புகுந்தால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். சுருங்கச் சொன்னால், ஆட்டக்காரர்களுக்குத் திரைமறைவில் பணம் போவதை 1929இல் கார்னெகி ஸ்தாபனத்தின் அறிக்கை அம்பலப்படுத்தியது. 1948இல் சங்கம் வகுத்த கடுமையான ஒழுங்குமுறையைத் தாங்கள் அனுசரிக்கவில்லை என்று ஏழு கலாசாலைகள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டபோது, 1950இல் அவற்றை நீக்குவதற்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிட்டாமற்போய், மறு ஆண்டே அந்த ஒழுங்குமுறை கைவிடப்பட்டது. 1956 முதல், குடும்பத்தின் வறுமை செழுமையைப் பாராமல், விளையாட்டுத் திறமைக்காகவே முழு உபகாரச் சம்பளம் தரலாம் என்றாயிற்று.

முழு உபகாரச் சம்பளம் வந்ததும் பிள்ளை பிடிக்கும் போட்டி உக்கிரமடைந்தது. அக்காலத்தில் கலாசாலைகளின் வட்டாரக் கூட்டமைப்புகள் தனித்தனியே கையொப்பப் பத்திரம் வைத்திருந்தன. ஆனால் ஒரு கூட்டமைப்பின் பத்திரம் மற்றொன்றைக் கட்டுப்படுத்தாதாகையால், ஓரிடத்தில் கையெழுத்திட்ட பிள்ளையின் வீட்டுக் கதவை வேறோர் இடத்துப் பயிற்சியாளர் கூசாமல் தட்டினார். இந்தத் துரத்தலில் பணமும் நிம்மதியும் ஒருங்கே நசித்துப்போவதைக் கண்டு, 1964இல் ஏழு கூட்டமைப்புகளும் எதிலும் சேராத எட்டுக் கலாசாலைகளும் உடன்பட்டு, 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்னும் தேசிய சம்மதப் பத்திரத்தை ஏற்படுத்தின. பிள்ளை கையொப்பமிட்ட கணத்தில் ஏனையோர் துரத்துவதை நிறுத்த வேண்டும். அவனுக்குக் குறைந்தது ஓராண்டுக்கு உபகாரச் சம்பளம் நிச்சயம். அவன் வாக்கு மாறினால் ஆடும் உரிமையில் ஒரு பகுதியை இழப்பான். இரவு பகலாக ஒலித்த தொலைபேசி ஓய்ந்ததில் குடும்பத்தாருக்கும் ஆறுதல் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சாராம்சத்தில் இது கலாசாலைகள் தம்முள் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கை என்றே நான் கருதுகிறேன். சமாதானத்துக்கான விலை பிள்ளையின் கையெழுத்து. அவன் சம்மதித்தது ஸ்தாபனத்துக்கேயன்றி எந்தப் பயிற்சியாளருக்கும் அல்ல, பயிற்சியாளர் விலகினாலும் சம்மதம் செல்லும் என்று அப்பத்திரமே விளக்கமாகச் சொல்லிற்று. பதினேழு வயதுப் பிள்ளை ஸ்தாபனத்தைப் பார்த்தா கையெழுத்திடுகிறான்? தன்னைத் தேடி வந்த மனிதரைப் பார்த்தல்லவா!

1973இல் நான்காண்டு உபகாரச் சம்பளம் ஓராண்டாகக் குறுகி, வருஷந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாயிற்று. ஆகவே புதிதாக வந்த பயிற்சியாளருக்குப் பழையவர் கொணர்ந்த பிள்ளையைப் பிடிக்காவிட்டால், அவனைக் கழித்துவிடவும் வழி பிறந்தது. பஞ்சாங்கமும் பிள்ளைகளுக்கு அனுகூலமாக இல்லை. பருவம் நவம்பர் இறுதியில் முடியும். பதவி நீக்கங்களும் நியமனங்களும் டிசம்பர், ஜனவரியில் நிகழும். பிப்ரவரி முதல் புதன்கிழமை நெடுங்காலம் கையொப்ப நாளாக இருந்தது. அந்நாளுக்குப் பிறகே சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்ட உதவிப் பயிற்சியாளர்களும் உண்டு. ஒப்பந்தத்தை முறித்துப் போகும் தலைமைப் பயிற்சியாளர் நஷ்டஈடு கட்டவேண்டும் என்றாலும், அதைப் பெரும்பாலும் அவரை அழைத்துக்கொள்ளும் கலாசாலையே கட்டிவிடும்.

ஜார்ஜியா மாநிலத்தில் மாண்டஸூமா என்னும் சிற்றூரைச் சேர்ந்த ரோக்குவான் ஸ்மித், 2015 பிப்ரவரி 4ஆம் தேதி தொலைக்காட்சியில் தோன்றி, கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. சர்வகலாசாலையின் கையுறைகளை அணிந்து தம் தேர்வை அறிவித்தார். அங்கே தற்காப்பு ஆட்டத்தைப் பயிற்றுவித்த ஜெப் உல்பிரிச் தொழில்முறை அணியான அட்லாண்டா பால்கன்ஸுக்குப் போகக்கூடும் என்ற செய்தி அதற்குள் பரவியது. பத்திரமோ இன்னும் பேக்ஸ் இயந்திரத்தில் ஏறவில்லை. ஸ்மித் அதை அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார். உல்பிரிச் அட்லாண்டாவுக்கே போனார். சில தினங்களுக்குப் பின் ஸ்மித் தம் மாநிலத்து ஜார்ஜியா சர்வகலாசாலையில் சேர்ந்தபோது, சம்மதப் பத்திரத்தைத் தொடாமல், உபகாரச் சம்பள உடன்படிக்கையில் மாத்திரம் கையொப்பமிட்டார். அதன்படி கலாசாலை அவருக்குக் கட்டுப்பட்டது, பத்திரத்தின் தண்டனைகள் அவரைத் தீண்டா. இத்தகைய சலுகை எல்லாருக்கும் கிட்டாது. பலரும் விரும்பிய ஆட்டக்காரர் என்பதால்தான் ஜார்ஜியா இசைந்தது. விதியின் வேடிக்கையைப் பாருங்கள்: அவரைச் சேர்த்துக்கொண்ட தலைமைப் பயிற்சியாளர் மார்க் ரிக்ட், அவ்வாண்டு நவம்பர் இறுதியிலேயே பதவி நீக்கப்பட்டார். ஸ்மித் இம்முறை விலகவில்லை. புதிதாக வந்த கர்பி ஸ்மார்ட்டின் கீழ் ஆடி, 2017இல் நாட்டின் தலைசிறந்த லைன்பேக்கர் என்னும் தற்காப்பு ஆட்டக்காரருக்குரிய பட்கஸ் விருதைப் பெற்று, 2018இல் தொழில்முறைத் தேர்வில் எட்டாமவராகச் சிகாகோ அணிக்குப் போனார்.

அதே 2018இல், மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் தம் பெயரைப் பதிந்துகொள்ளும் பொதுப் பதிவேடு ஒன்றைச் சங்கம் திறந்தது. 2021இல் ஒருமுறை காத்திருக்காமலே மாறலாம் என்றும், தம் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பொருளீட்டலாம் என்றும் ஆயிற்று. தலைமைப் பயிற்சியாளர் விலகினால் அவ்வணியினருக்கு முப்பது நாள் அவகாசம் என்ற விதியும் வந்தது. 2024 ஜனவரி 10ஆம் தேதி அலபாமா சர்வகலாசாலையின் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வு பெற்றார். அவ்விடத்துக்கு வாஷிங்டனின் கேலன் டிபோர் வந்தார். வாஷிங்டனுக்கு அரிஸோனாவின் ஜெட் பிஷ் போனார். அரிஸோனாவுக்கு ஸான் ஹோஸே மாநிலக் கலாசாலையின் பிரென்ட் பிரென்னன் வந்தார். ஒரு முதியவரின் ஓய்வால் ஒரே வாரத்தில் நான்கு கலாசாலைகளின் அணிகள் அவிழ்த்துவிடப்பட்டன. முந்தைய டிசம்பரில் அலபாமாவுக்குக் கையொப்பமிட்டு, வகுப்பிலும் சேர்ந்துவிட்ட ஜூலியன் ஸேயின் என்னும் கலிபோர்னியப் பிள்ளை, அலபாமாவுக்காக ஒரு பந்தயமும் ஆடாமல், அந்த ஜனவரியிலேயே ஒஹையோ மாநிலச் சர்வகலாசாலைக்கு மாறினார். அவ்வாண்டு அக்டோபரில் சங்கம் சம்மதப் பத்திரத்தையே ரத்து செய்தது. அதன் இடத்தில் இப்போதிருப்பது உபகாரச் சம்பள உடன்படிக்கையும், 2025 ஜூலை முதல் கலாசாலைகளே ஆட்டக்காரர்களுக்கு நேராகப் பணம் தரும் ஒப்பந்தங்களுமே.