பங்கு உள்ள உறவு: பழவேற்காட்டுக் குப்பங்களில் மனக்காயமும் அது ஆறிய வழிகளும்

கூட்டு மனக்காயம் என்ற கருத்தை இன்று நாம் பேசும் பொருளில் நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கச் சமூகவியலாளர் கை எரிக்சன். 1972 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவணை உடைந்து 125 பேர் மாண்டனர். பிழைத்தவர்களை யாருக்குப் பக்கத்தில் யார் என்று பாராமல் தற்காலிக முகாம்களில் குடியேற்றினார்கள். வெள்ளம் கொண்டுபோன இழப்போடு, அதன்பின் அண்டை அயல் சிதறிப்போனதும் சேர்ந்துதான் அவர்களைத் தேறவிடாமல் செய்தது என்று 1976-இல் வெளிவந்த தம் நூலில் எரிக்சன் வாதிட்டார். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர்க்கால வட இலங்கையைப் பற்றிய தம் ஆய்வுகளில் இக்கருத்தைத் தமிழ்ச் சமூகத்தின் அனுபவத்தோடு பொருத்தி வளர்த்தார். குடும்பமும் ஊரும் உடையும்போது ஆளைத் தனியே உட்காரவைத்துச் செய்யும் சிகிச்சை மட்டும் போதாது, ஊர் அளவில் வேலை நடக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

உறவு காயத்தை ஆற்றும் என்பது இவ்வாறு ஆய்வுலகில் ஏற்கப்பட்டுவிட்டது. எந்த உறவு ஆற்றும் என்ற கேள்வி அந்த அளவுக்குக் கேட்கப்படவில்லை. பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களின் நானூறு ஆண்டு வரலாறு அதற்கு விடை தருகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். நீரிலும் முடிவெடுப்பதிலும் பங்கு கொடுத்த உறவு அங்கே மனிதரைத் தேற்றியிருக்கிறது. பங்கு மறுக்கப்பட்ட இடத்தில் அதே ஊர்க்கட்டு அடுத்தவருக்குக் காயமாகி, பேரப்பிள்ளைகள் வரை நீண்டிருக்கிறது.

பெயரில்லாமல் போனவர்கள்

டச்சுக்காரர்கள் 1610-இல் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தார்கள். 1612-இல் போர்ச்சுக்கீசியர் அதைத் தாக்கி அழித்தபின், 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்தின் மையம் இதுதான். துணி, வெடிமருந்து, நாணயம் ஆகியவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கோட்டை வழியாக ஏற்றப்பட்ட மனிதர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு.

1620களின் தொடக்கத்தில் பஞ்சமும் போரும் இந்தக் கரையைச் சூறையாடின. பசியில் பெற்றோர் பிள்ளைகளை விற்றனர். போரில் பிடிபட்டவர்களும் கடத்தப்பட்டவர்களும் தரகர்கள் வழியே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனார்கள். பழவேற்காட்டிலிருந்தும் பிற சோழமண்டலத் துறைமுகங்களிலிருந்தும் அவர்கள் பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டனர். 1621-இல் பாண்டா தீவுகளின் மக்களை டச்சுப் படை கொன்றும் விரட்டியும் தீர்த்தபின், அங்கிருந்த சாதிக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கும் சிலர் போய்ச் சேர்ந்தனர். அந்நாட்டுப் பதிவேடுகளில் ஒருவருக்குக் கம்பெனி வைத்த பெயரும், அதன் பின்னால் சோழமண்டலத்திலிருந்து வந்தவர் என்ற குறிப்பும் இருக்கும். தாய் இட்ட பெயர் இராது.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே வணிகர்களும் அதிகாரிகளும் அவர்கள் மனைவி மக்களும் பெயர், பிறப்பு, இறப்பு, குடும்பச் சின்னம் என எல்லாம் கல்லில் பொறிக்கப்பட்டுக் கிடக்கிறார்கள். வாங்கி விற்றவர்களின் துயரத்துக்கு ஊரில் இடம் இருக்கிறது. விற்கப்பட்டவர்களின் துயரத்துக்கு இல்லை. கேப் டவுனில் அடிமைகள் அடைக்கப்பட்ட கட்டடம் இன்று அருங்காட்சியகம். அருகிலுள்ள சதுக்கத்தில் 2008-இல் அவர்களின் பெயர்களைப் பொறித்த கருங்கற்களை வைத்தார்கள். டச்சுக் கம்பெனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றின் ஒரு பகுதி சென்னையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பெயர்களைத் தேடித் தமிழில் ஒரு பட்டியல் ஆக்குவது நடக்கக்கூடிய வேலை. தலைமுறை கடந்த காயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

பாடு

உறவு அறுந்த அந்த வரலாற்றுக்கு அருகிலேயே, உறவை நீரின் மேல் கட்டிய இன்னொரு வரலாறும் உண்டு. பழவேற்காட்டு ஏரி ஆழம் குறைந்த உவர்நீர்ப் பரப்பு. ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. இறால் அந்த ஓட்டத்தோடு வருவதால் முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள இடங்களுக்கு மவுசு அதிகம். ஆளாளுக்குப் போய் வலை போட்டால் வலுத்தவன் எடுத்துக்கொள்வான், இளைத்தவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். இதைத் தடுக்கவே பாடு முறை.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர் என்ற மீனவச் சாதித் தலைக்கட்டுகள் இதில் உறுப்பினர்கள். இந்துக்களும் கத்தோலிக்கரும் ஒரே முறைக்குள் வருகிறார்கள். ஏரியில் வலை கட்டும் இடங்கள் வரையறுக்கப்பட்டிருக்கும். ஊர்க்கூட்டத்தில் சீட்டுக் குலுக்கி இடமும் முறையும் முடிவாகும். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை மோசமான இடம் வரும். சண்டை வந்தால் கூட்டம் தீர்க்கும், மீறினால் தண்டம். தகப்பன் பெயர் இருந்த வரிசையில் மகன் பெயர் ஏறும்.

மனக்காயம் பற்றிய ஆய்வு இந்தப் பெயர் வரிசையில் என்ன பார்க்க வேண்டும்? புயலில் படகு போனவனும், மனைவியைப் பறிகொடுத்தவனும், குடியில் விழுந்து எழுந்தவனும், தன் முறை வரும்போது தண்ணீருக்குள் இறங்கியாக வேண்டும். அவன் வரவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். கேட்க ஆள் வரும். அவனிடம் யாரும் மனத்தைத் திறந்து பேசச் சொல்லவில்லை. இடம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஊரில் சாவு விழுந்தால் தொழிலுக்குப் போகாமல் கரையிலேயே நிற்கும் வழக்கமும் இதன் இன்னொரு முகம்: அன்றைய வருமானத்தை எல்லோரும் சேர்ந்து இழக்கிறார்கள். துக்கம் விசாரிப்பதற்கு ஊரே கொடுக்கும் விலை அது.

இதே முறையின் கடுமையையும் மறைக்கக் கூடாது. பழவேற்காட்டில் களஆய்வு செய்த சாரா கோல்தார்ட் 2008-இல் வெளியிட்ட கட்டுரையில், மீன் குறைந்துவந்தபோதும் பாடு உறுப்பினர்கள் பலர் ஏரியை விட்டுப் போகத் தயங்கியதைக் காட்டுகிறார். பாடு அவர்களுக்கு வருமானத்தோடு மரியாதையும் அடையாளமும் ஆகிவிட்டிருந்தது. தாங்கிப் பிடித்த கயிறே கட்டிப் போடவும் செய்தது. ஏற்றுமதியால் இறால் விலை ஏறியபின் புதிதாக ஏரிக்கு வந்தவர்களும், பாட்டில் இடமில்லாத பிற ஊர்க்காரர்களும் உரிமை கேட்டனர். மோதல்கள் வந்தன. பிறப்பால் உறுப்பினர் ஆகும் முறையில், வெளியே பிறந்தவருக்கு வாசல் இல்லை.

ராக்கெட் தளமும் ஆழிப்பேரலையும்

1969-இல் ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்வானது. 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் கிளம்பியது. தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினரின் காடும் கரையும் வேலிக்குள் போயின. ஏவும் நாட்களில் சுற்றுக் கடலில் மீன்பிடிக்கத் தடை. நாட்டுக்குப் பெருமை சேர்த்த இடம் என்பதில் ஐயமில்லை. அதற்காக இடம்விட்டவர்களுக்கு அந்தப் பெருமையில் என்ன பங்கு கிடைத்தது என்பதை இன்னும் விரிவாக ஆராய வேண்டும். 1984 நவம்பரில் புயலொன்று ஸ்ரீஹரிகோட்டா அருகே கரையைக் கடந்து ஏரியின் இரு மாநிலக் கரைகளையும் உலுக்கியது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழகத்தில் சுமார் 8,000 பேர் இறந்தனர். அவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். பழவேற்காட்டில் உயிரிழப்பு அந்த அளவுக்கு இல்லை. கடலோரக் குப்பங்கள் வீடும் படகும் வலையும் இழந்தன. பிள்ளைகள் அலைச்சத்தம் கேட்டாலே அலறினார்கள். கடலை நம்பியே வாழ்ந்தவர்கள் கடலோரம் படுக்கப் பயந்தார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் மனநல உதவி என்பது முதன்முறையாகப் பெரிய அளவில் தமிழகக் குப்பங்களுக்குள் வந்தது. ஒடிசா புயலிலும் குஜராத் நிலநடுக்கத்திலும் பணியாற்றிய அனுபவத்தோடு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி தந்தது. வீடு தேடிப் போவது, கேட்பது, மீண்டும் தொழிலுக்கும் சடங்குக்கும் விளையாட்டுக்கும் திருப்புவது ஆகியவை அப்பயிற்சியின் சாரம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ராஜ்குமார், பிரேம்குமார், தரியன் மூவரும் 2008-இல் வெளியிட்ட நாகப்பட்டினம் ஆய்வு, மக்கள் முறையான மனநலச் சேவைகளைவிடத் தங்கள் குடும்பம், ஊர், வழிபாடு ஆகியவற்றையே பெரிதும் நம்பியதைக் கண்டது.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்கின் கட்டுரை. சோழமண்டலக் கரையை நீண்டகாலம் ஆராய்ந்த அவர், நிவாரணப் பொருட்கள் வந்து குவிந்தபோது மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் அதை எதிர்பாராமல் கிடைத்த பெரிய மீன்பாட்டைப் போல நடத்தின என்கிறார். வந்ததை ஊர்ப் பொதுவில் சேர்த்துச் சமமாகப் பிரித்தார்கள். அதிகம் இழந்தவருக்கே அதிகம் போக வேண்டும் என்று எதிர்பார்த்த தொண்டு நிறுவனங்கள் பல இதைக் கண்டு குழம்பின. என் பார்வையில் இது பாடு முறையின் அதே அறிவு. ஒருவன் மட்டும் பாதிக்கப்பட்டவன் என்று தனித்து நிறுத்தப்படவில்லை. ஊரே பாதிக்கப்பட்டது, ஊரே பிரித்துக்கொண்டது. எரிக்சன் பஃபலோ கிரீக்கில் காணாமல் தேடியது இதைத்தான்.

ஆனால் ஊர் என்ற சொல்லுக்குள் யார் வந்தார்கள்? தலித்துகளும் இருளர்களும் பல இடங்களில் நிவாரணப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள் என்பதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன.

பட்டியலுக்கு வெளியே

எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரையிலான உப்பங்கழிகளில் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதை ஒருமுறை பார்த்தால் மறக்காது. இடுப்பளவு நீரில் குனிந்தோ மண்டியிட்டோ நகர்கிறார்கள். இரண்டு கைகளும் சேற்றுக்குள். கூடையின் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார்கள்; கையில் பட்ட இறால் நேரே கூடைக்குள் விழுகிறது. வலையும் படகும் இல்லை. பாட்டிலும் பெயர் இல்லை. தண்ணீரில் என்ன மிதந்தாலும் முதலில் படுவது அவர்கள் தோலில்தான்.

2001-இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. பின்னர் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தன. காட்டுப்பள்ளிக் குப்பத்தார் இடம்பெயர்ந்தனர். துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் வந்தபோது, பழவேற்காட்டுக் குப்பங்கள் சேர்ந்து எதிர்த்தன. அந்த எதிர்ப்பில், நீருக்காகத் தங்களுக்குள் சண்டையிட்டுவந்த ஊர்கள் ஒரே மேடையில் அமர்ந்தன. ஆற்றுப்படுத்துதல் என்று யாரும் பெயர் வைக்காவிட்டாலும், பயத்தைத் தனித்தனியே சுமந்தவர்கள் அதைக் கூட்டாகப் பேசிய இடம் அது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, அரசு அறிவித்த உதவி மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய் என்று அமைந்தது. படகைக் கொண்டு இழப்பை அளந்தால், கையால் இறால் தேடுகிறவருக்குக் காட்ட ஏதும் இல்லை. பழவேற்காட்டில் அடுத்து எந்தப் புயலுக்குப் பின் மனநலத் தொண்டர்கள் வந்தாலும், அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மூன்று பட்டியல்கள்: பாடு உறுப்பினர் பட்டியல், ஊர்ப் பஞ்சாயத்தின் வரிப் பட்டியல், நிவாரணப் பட்டியல். மூன்றிலும் பெயர் இல்லாதவர் வீட்டிலிருந்து அவர்கள் வேலையைத் தொடங்கட்டும். ஊர்ப் பஞ்சாயத்தார் தங்கள் கூட்டத்தில் இருளர்களுக்கு இடம் தருவது பற்றி இப்போதே பேசத் தொடங்கலாம். சீட்டுக் குலுக்கி நீரைப் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு அது கைவராத கலை அல்ல.