எஸ்கலான்டே, ஹைமே (1930–2010)

பொலிவியாவின் லா பாஸ் நகரில் பிறந்து அமெரிக்காவில் பெயர்பெற்ற கணித ஆசிரியர். 1974இல் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு படித்தோர் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு உயர்கணிதம் ஏறாது என்ற எண்ணம் பள்ளிக்குள்ளேயே இருந்தது.

எஸ்கலான்டே பாடத்தை எளிதாக்கவில்லை. உழைக்கும் நேரத்தைக் கூட்டினார். பள்ளி தொடங்குமுன்பும் முடிந்த பின்பும், கோடை விடுமுறையிலும் வகுப்பு எடுத்தார். கூடைப்பந்தாட்டச் சொற்களைக் கொண்டு கணக்கை விளக்கினார். வீட்டுப்பாடம் செய்யாதவரை விடமாட்டார்; பெற்றோரையும் தொடர்புகொள்வார். பட்டப்பெயர் வைத்துக் கிண்டலும் செய்வார். இது எல்லா ஆசிரியருக்கும் கைவரும் முறையன்று. அக்கறை வெளிப்படையாகத் தெரியாவிட்டால் கிண்டல் அவமதிப்பாகிவிடும்.

1982இல் கல்லூரித் தரத்திலான நுண்கணிதத் தேர்வில் அவருடைய மாணவர் 18 பேர் தேறினர். விடைகள் ஒத்திருப்பதாகத் தேர்வு நிறுவனம் 14 பேரைச் சந்தேகித்தது. மறுதேர்வு எழுதிய 12 பேரும் தேறினர். இதை வைத்து 1988இல் 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' திரைப்படம் வந்தது. படம் காட்டும் வேகத்தில் எதுவும் நடக்கவில்லை. அடிப்படை வகுப்புகளிலிருந்தே மாணவரைத் தயார்செய்யப் பல ஆண்டுகள் பிடித்தன. தலைமையாசிரியர் ஹென்றி கிராடில்லாஸின் துணையும் தேவைப்பட்டது.

1991இல் எஸ்கலான்டே விலகினார். பின்னர் அப்பள்ளியில் நுண்கணிதத்தில் தேறுவோர் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது.