விளிம்பில் இருந்த தங்கம்

ஆயாவின் பீங்கான் தட்டின் விளிம்பில் நூல் அகலத்துக்கு ஒரு தங்கக் கோடு இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டும். கல்லூரி விடுமுறையில் நான்தான் தேய்த்தேன், குத்துவிளக்குக்குச் செய்வது மாதிரி புளியும் உப்பும் போட்டு. கறை போயிற்று. கூடவே கோடும் போயிற்று. ஆயா வாங்கிப் பார்த்துவிட்டு, "வெளுத்துப் போச்சேப்பா" என்றதோடு சரி. திட்டியிருந்தால் தேவலை.

நடுவிலிருந்த நீலப் பூவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அது ஏன் என்று தேடப் போய்த்தான் இதற்குள் விழுந்தேன்.

விடை சூளையில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்தேஜென்னில் பெருகிய நீல-வெள்ளைப் பாண்டங்களில், கோபால்ட் நிறத்தைச் சுடாத மண்மேல் தீட்டி, அதன்மேல் கண்ணாடிப் பூச்சு கொடுத்து, ஏறத்தாழ 1300 டிகிரியில் சுட்டார்கள். நிறம் பூச்சுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ராமநாதபுரம் பக்கம் பெரியபட்டினத்தில் நொபொரு கராஷிமா குழுவினர் ஆராய்ந்த சீன ஓடுகள் அந்தக் காலத்தவை, அதற்கும் முந்தியவை. உடைந்து மண்ணுக்குள் கிடந்தும் சீன ஓடு என்று அடையாளம் தெரிகிற அளவுக்கு மிஞ்சியிருந்தன.

தங்கம் அப்படியில்லை. சுட்டு முடித்த பாண்டத்தின் மேல் வைத்து, 700, 800 டிகிரியில் மறுபடி சுடுவார்கள். மேலே ஒட்டிய வெறும் படலம் அது. ரோஜா, மஞ்சள் எனாமல்களும் பெரும்பாலும் இப்படித்தான். புளி எனாமலை அரிக்கும், உப்புக்கல் தங்கத்தை உரசும். நான் இரண்டையும் ஒன்றாகச் செய்திருக்கிறேன்.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் 13ஆம் நூற்றாண்டு லோங்சுவான் பச்சைக் கிண்ணம் ஒன்று உண்டு. விரிசல் விட்டதும், இதே போல் இன்னொன்று கேட்டு ஷோகன் அஷிகாகா யோஷிமாசா அதைச் சீனாவுக்கு அனுப்பினாராம். அவ்வளவு நல்லது இப்போது கிடைக்காது என்று உலோகக் கவ்விகள் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது கதை. கவ்விகள் வெட்டுக்கிளி மாதிரி தெரிந்ததால் கிண்ணத்துக்கே அந்தப் பெயர் வந்தது.

ஆயாவின் கிண்ணம் ஒன்றிலும் மூன்று இரும்புக் கவ்விகள் இருக்கின்றன. அதை நான் ஊறவைப்பதில்லை. இரும்பு துருப்பிடித்தால் விரிசலுக்குள் கறை இறங்கும். ஒட்டுப்போட்டது என்றால் சுடுநீரில் பசை இளகிவிடும். குறைந்த சூட்டில் சுட்ட மண்பாண்டம் தண்ணீரையே குடித்துவிடும். பிளீச்சிங் பக்கமே போகக் கூடாது, அதன் உப்பு உள்ளே தங்கி, காயும்போது பூச்சைப் பெயர்க்கும்.

முழுசாக இருப்பதற்கு, பிளாஸ்டிக் டப்பில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டு, ஒவ்வொன்றாகக் கழுவுகிறேன். பொன் வேலை உள்ள இடத்தில் ஈரப் பஞ்சை ஒற்றுவதோடு நிறுத்திக்கொள்வேன்.

அருங்காட்சியகங்களில் பிடிவாதமான அழுக்குக்குப் பஞ்சில் எச்சில் தொட்டுத் துடைப்பதுண்டு. அதிலுள்ள நொதிகள் அழுக்கை இளக்கும். ஆயாவிடம் சொன்னேன்.

"சாமி ரூம் கிண்ணத்த மட்டும் எச்சப் பண்ணிறாதடா" என்றாள்.