யாருடைய மண்டை ஓடு? யாருடைய அளவுகோல்?

அடையாளம் தெரியாத எலும்புக்கூடு கிடைத்தால், இறந்தவர் ஆணா பெண்ணா என்பது தடயவியல் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று. புருவ மேடு, காதுக்குப் பின்னுள்ள எலும்புப் புடைப்பு, தாடை ஆகியவற்றைப் பார்த்து நிபுணர்கள் பதில் சொல்லி வந்தார்கள். இப்போது அந்த வேலையை டீப் லேர்னிங் மென்பொருளுக்குப் பழக்குகிறார்கள். 'ஆண்', 'பெண்' என்று குறித்த சி.டி. ஸ்கேன்களை ஏராளமாகக் காட்டினால், வேறுபாட்டை அது தானே கற்றுக்கொள்கிறது.

தோழர்களே, இதைப் பாராட்டும் முன் மண்டை ஓட்டை அளந்தவர்களின் வரலாற்றையும் நாம் படிக்க வேண்டும். அளக்கப்பட்டவர்களில் நம் முன்னோரும் உண்டு.

அமெரிக்காவில் சாமுவேல் மார்ட்டன் மண்டை ஓடுகளைச் சேர்த்து, உள்ளே விதைகளையும் பின்னர் ஈயக் குண்டுகளையும் நிரப்பி அளந்தார். வெள்ளையரே உயர்ந்தவர் என்று 1839இல் புத்தகம் எழுதினார். அடிமை முறையை ஆதரித்தவர்களுக்கு அது ஆயுதமாயிற்று. அவர் சேர்த்த மண்டை ஓடுகளுக்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகம் 2021இல்தான் மன்னிப்புக் கேட்டது.

இங்கே ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கை அளந்தார். மூக்கு அகலமாக ஆக, சாதி 'தாழும்' என்றார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்தவரும் அவரே. சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் இதே அளவுகோலைப் பிடித்தார்.

அண்ணல் அம்பேத்கர் இதற்குப் பதில் சொன்னார். தீண்டப்படாதோரின் தோற்றம் பற்றிய தமது 1948ஆம் ஆண்டு நூலில், இந்த மூக்கு அளவுகளையே எடுத்து வைத்தார். பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் ஒரே இனத்தவர் என்றுதான் இந்த எண்கள் காட்டுகின்றன என்று நிறுவினார். அளந்தவர்களின் கணக்கைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பது அவர் நமக்குக் காட்டிய வழி.

இன்றைய மென்பொருளிடமும் அந்தக் கணக்கைக் கேட்போம். எலும்பியல் பாடங்களுக்கு அடிப்படையான அமெரிக்காவின் டெர்ரி, ஹாமன்-டாட் தொகுப்புகளில் பெரும்பாலானவை உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் உடல்கள்; கறுப்பின மக்கள் ஏராளம். 1985இல் ஏற்றுமதி தடை செய்யப்படும்வரை உலக மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடுகள் பெருமளவில் போனது இந்தியாவிலிருந்துதான். ஒப்புதல் கேட்கப்படாத உடல்களால் வளர்ந்த அறிவு இது.

இன்னொன்று: புருவ மேடும் தாடையும் எல்லா மக்களுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு நாட்டு ஸ்கேன்களில் கற்ற மென்பொருள் இன்னொரு நாட்டு மண்டை ஓட்டில் தவறலாம். அந்தத் தவறு ஆய்வுக்கூடத்தோடு நிற்காது. எரித்து வீசப்பட்ட ஒரு பெண்ணை ஆண் என்று அறிக்கை சொன்னால், காணாமல்போன மகளைத் தேடும் குடும்பத்துக்கு அந்த எலும்புகள் காட்டப்படாமலே போகலாம். கொலை வழக்கு அங்கேயே திசை மாறும்.

ஆகவே நமக்கு இந்தக் கருவி வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். எந்த மக்களின் ஸ்கேன்கள், யார் ஒப்புதலோடு, எத்தனை சதவீதப் பிழை என்பதை நீதிமன்றத்தில் சொல்ல வைக்க வேண்டும். சட்டமும் மருத்துவமும் கணினியும் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தக் கேள்விகளைக் கையில் எடுக்கட்டும்.