யார்மத் கரையின் விமானிகள்

1915 சனவரி 19 ஆம் நாள் இரவு யேர்மனியின் ஆகாயக் கப்பல்கள் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலே குண்டு பொழிந்தன. கிரேட் யார்மத், கிங்ஸ் லின் ஆகிய நகர்களில் நால்வர் மாண்டனர். அக்கால விமானங்கள் அவ்வுயரத்தை எட்டுமுன் எதிரி மறைந்துவிடுவான். இருளில் தரையிறங்குவதோ எதிரியினுங் கொடிதாயிருந்தது. சாதாரண ரவைகள் வாயுப்பைகளைத் துளைத்தனவேயன்றி, உள்ளிருந்த ஐதரசனைத் தீப்பற்றச் செய்யவில்லை. 1916 இல் வெடிரவைகளும் எரிரவைகளும் கைக்கு வந்த பின்னரே நிலைமை மாறியது.

1918 ஆகஸ்ட் 5 ஆம் நாள் மாலை, யார்மத்தில் இசைநிகழ்ச்சியொன்றிலிருந்த எக்பேட் காட்பரிக்கு அவசர அழைப்பு வந்தது. சொக்கலேற்றால் உலகறிந்த குடும்பத்தவர் அவர். போரையே வெறுக்கும் குவேக்கர் வீட்டுப் பிள்ளை போர்விமானியானது விந்தையே! கனடாவில் வளர்ந்த றொபேட் லெக்கி பின்னிருக்கையில் துப்பாக்கியுடன் அமர, விமானம் பதினாறாயிரம் அடிக்கு மேல் ஏறிற்று. லெக்கியின் வெடிரவைகள் பாய்ந்ததும், ‘எல் 70’ என்னும் பெருங்கலம் தீப்பிழம்பாகிக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 22 பேரும் மடிந்தனர். யேர்மன் கடற்படை ஆகாயக் கப்பல்களின் தலைவர் பீற்றர் ஸ்ட்ராசரும் அவர்களுள் ஒருவர். அதன்பின் எந்த ஆகாயக் கப்பலும் இங்கிலாந்தின்மேற் குண்டுவீச வரவில்லை.

காட்பரி இருளில் ஒருவாறு தரையிறங்கினார். அன்றிரவு யார்மத்திலிருந்து எழுந்த, இருவர் சென்ற வேறொரு விமானம் திரும்பவேயில்லை.