செங்கோட்டையன், கே. ஏ.

தமிழகச் சட்டமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்தவர். ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். தேர்தல் கணக்கைத் தொடங்கியது சத்தியமங்கலத்தில். 1977இல் அங்கு அதிமுக வேட்பாளராக வென்றார். 1980 முதல் தொகுதி கோபிசெட்டிபாளையம்தான். 1996இல் தோற்றாலும், 2021 வரை மொத்தம் ஒன்பது வெற்றிகள். சத்தியமங்கலம் தொகுதியோ 2008 மறுசீரமைப்பில் மறைந்தே போனது.

1991இல் போக்குவரத்து அமைச்சர். 2012இல் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டு, ஏறக்குறைய ஐந்தாண்டு காத்திருந்து, 2017இல் பள்ளிக் கல்வித் துறையோடு திரும்பினார். அவ்வாண்டே பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில ரேங்க் அறிவிப்பு நின்றது. ‘மாநில முதலிடம்’ என்று பிளெக்ஸ் வைத்தே சேர்க்கை நடத்திய கொங்குப் பள்ளிகளுக்கு அது சின்ன அடியல்ல. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது.

2025 அக்டோபரில் அதிமுக அவரை நீக்கியது. நவம்பரில் எம்.எல்.ஏ. பதவியைத் துறந்து, விஜய்யின் தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தார்.