காற்றுப் புகாத கட்டு

சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர்களிடம் எனக்கு எப்போதுமே ஒரு மரியாதை உண்டு. டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழ் எங்கிருந்து கிளம்புகிறது என்று குனிந்து பார்க்கிறார்களே, அந்தப் பார்வையில் ஒரு வைத்தியரின் பொறுமை இருக்கிறது. வைத்தியத்துக்கும் அந்தப் பார்வை வேண்டியிருக்கிறது என்பது என் பெரியப்பாவின் காலில் புண் வந்தபோதுதான் தெரிந்தது.

பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. குதிகாலில் வந்த புண் நான்கு மாதமாகியும் ஆறவில்லை. இரண்டு விரல்களை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அடுத்தது பாதமோ என்று வீட்டில் எல்லோரும் மௌனமாக இருந்தோம். புண்ணை மூடி உறிஞ்சி வைக்கும் யந்திரம் ஒன்று இருக்கிறது, ஆனால் அதன் நாள் வாடகை நமக்குக் கட்டாது என்றார் இளம் டாக்டர். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஆஸ்பத்திரிச் சுவரில் உறிஞ்சு குழாய் இருக்கிறது. சுத்தம் செய்த நுரைப் பஞ்சும், தோலில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் இருந்தால் போதும் என்றார்.

கட்டுப் போட்ட அன்று இரவு உஸ்ஸென்று ஒரு சத்தம். யந்திரம் கெட்டுவிட்டது என்று நான் ஓடினேன். வயதான நர்ஸ் ஒருவர் வந்தார்.

“குழாய் நல்லாத்தான் இருக்கு சார். ஓரத்திலே எங்கேயோ காத்து போகுது” என்றார்.

கட்டின் விளிம்பை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே போனவர், கணுக்காலுக்குப் பின்னால் தோல் மடிகிற இடத்தில் நிறுத்தினார். ஒரு துண்டுத் தாளை அங்கே ஒட்டி அழுத்தினார். சத்தம் நின்றது. உப்பியிருந்த நுரைப் பஞ்சு கண்ணெதிரே சுருங்கிக் கெட்டிப்பட்டது. இந்தச் சிகிச்சை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

உறிஞ்சுவது புதிய யோசனை அல்ல. மாட்டுக் கொம்பையும், உள்ளே விளக்கு வைத்த சுரைக்குடுக்கையையும் கொண்டு கெட்ட ரத்தத்தை இழுக்கும் முறை சுச்ருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பியர், கிளாப் என்ற இரு வைத்தியர்கள் கண்ணாடிக் கிண்ணத்தையும் ரப்பர்ப் பந்தையும் வைத்துக் கட்டிகளை உறிஞ்சினார்கள். ஆனால் இவையெல்லாம் சிறிது நேரத்துக் காரியங்கள். கிண்ணத்தை எடுத்தால் உறிஞ்சலும் போயிற்று. இரவும் பகலும் ஒரே சீராக உறிஞ்ச வேண்டுமானால், ஈரத் தோலில் விடாமல் ஒட்டுகிற ஒரு மூடி வேண்டும். அதற்குப் பிளாஸ்டிக் பிறக்க வேண்டியிருந்தது.

இன்னொரு தடையும் இருந்தது. புண்ணைக் காற்றாட விட்டுக் காய வைக்க வேண்டும் என்பது நம் பாட்டிகளின் அபிப்பிராயம் மட்டுமல்ல. டாக்டர்களில் பலருடைய அபிப்பிராயமும் அதுவே. 1962-ஆம் வருஷம் லண்டனில் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் மேல் சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். மற்றவற்றைத் திறந்து விட்டார். பொருக்குத் தட்டிக் காய்ந்த காயங்களைவிட, மூடி ஈரமாக இருந்தவற்றில் புதுத் தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் பரவியது. புண்ணை மூடி வைக்கலாம் என்ற தைரியம் அதிலிருந்து வளர்ந்தது.

1989-இல் அமெரிக்காவில் சாரிக்கர் என்ற ரண வைத்தியரும் ஜெட்டர் என்ற அம்மையாரும் தங்கள் கூட்டாளிகளுடன் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஈரமான காஸ் துணி, நடுவில் ஒரு குழாய், மேலே ஒட்டும் தாள், பிறகு ஆஸ்பத்திரியின் சாதாரண உறிஞ்சு குழாய், அவ்வளவுதான். இந்த ஜெட்டர் அம்மாள், வயிற்றில் குடலுக்கு வாய் வைத்த நோயாளிகளைக் கவனிப்பதில் தேர்ந்தவர். கசிந்துகொண்டே இருக்கும் தோலில் ஒன்றை ஒட்ட வைக்கும் கஷ்டம் அவரைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

1997-இல் வட கரோலினாவின் வேக் பாரஸ்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த அர்ஜென்டாவும் மோரிக்வாஸும் துணிக்குப் பதிலாக நுரைப் பஞ்சை வைத்துச் செய்ததைப் பிரசுரித்தார்கள். பாதரச அளவில் 125 மில்லிமீட்டர் உறிஞ்சல். அதாவது, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கட்டுக்குள் தேங்கும் நீர் வெளியேறுகிறது, வீக்கம் வடிகிறது, புண்ணின் ஓரங்கள் நெருங்குகின்றன, அடியிலிருந்து சிவந்த புதுச் சதை எழும்புகிறது. 300 புண்களில் 296-இல் நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். பிறகு கம்பெனி வந்தது, மோட்டார் வந்தது, காப்புரிமை வந்தது, கோர்ட்டு வழக்குகளும் வந்தன. 2010 வாக்கில் அமெரிக்காவில் ஒரு யந்திரத்தின் வாடகை நாளொன்றுக்குச் சுமார் 100 டாலர்.

அந்த 2010-ஆம் வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி ஹெயிட்டி தேசத்தில் பூமி அதிர்ந்தது. நசுங்கிய கை கால்களுடன் ஜனங்கள் கூடாரங்களில் கிடந்தார்கள். யந்திரத்தை யாராவது தானமாகக் கொடுத்தாலும் மின்சாரம் இல்லை. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த டானியல் ஜுராவ்சிக் என்ற பெண், கையால் அமுக்கி விடும் ஒரு துருத்தியைச் செய்திருந்தார். சுருங்கிய பிளாஸ்டிக் துருத்தி மெல்ல விரியும்போது புண்ணிலிருந்து உறிஞ்சும். விலை சுமார் 3 டாலர். அதை எடுத்துக்கொண்டு ஹெயிட்டிக்குப் போனார்.

பம்பை மலிவாக்கியாயிற்று, கஷ்டம் தீர்ந்தது என்றுதான் நாம் நினைப்போம். அங்கேதான் உண்மை வேறாக இருந்தது. பெரிய தடை பம்பு அல்ல. கட்டின் ஓரத்தில் காற்றுக் கசிவு. யோசித்துப் பார்த்தால் இது நியாயந்தான். நன்றாக மூடிய இடத்தில் உறிஞ்சலை நிலைநிறுத்தச் சக்தியே அநேகமாகத் தேவையில்லை. மோட்டார் இரவெல்லாம் ஓடுவது பெரும்பாலும் கசிந்து வரும் காற்றை வெளியே தள்ளத்தான். விலையுயர்ந்த யந்திரம் மோசமான கட்டை மன்னித்துவிடுகிறது. 3 டாலர் துருத்தி மன்னிக்காது. ஊசி முனை ஓட்டை இருந்தாலும் சற்று நேரத்தில் விரிந்து படுத்துவிடும். ஆகவே பம்பு மலிவாக மலிவாகக் கட்டு உயர்ந்ததாக இருக்க வேண்டும். ஏழைக்குச் செய்வதை ஏனோதானோ என்று செய்தால் போதும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

நல்ல கட்டுக்கு வேண்டிய சாமான்கள் அபூர்வமானவை அல்ல. பன்றிகளில் செய்த பரிசோதனைகளில், அழுத்தத்தைக் கடத்துவதில் காஸ் துணி நுரைப் பஞ்சுக்கு ஏறக்குறைய சமமாகவே இருந்தது. மற்றதெல்லாம் கையின் வேலை. சுற்றியுள்ள தோலைத் துடைத்து உலர்த்த வேண்டும். ரோமத்தை நீக்க வேண்டும். தாள் சுருக்கமில்லாமல் படிய வேண்டும். தோல் மடிப்புகளில் பசையை நிரப்பிச் சமமாக்க வேண்டும். குழாய் வெளியேறும் இடத்தில் தாளை அதைச் சுற்றிக் கிள்ளி ஒட்ட வேண்டும். கள்ளத்தனமாகக் காற்று நுழைகிற வாசல் பெரும்பாலும் அதுதான்.

சிக்கனம் செய்யக் கூடாத இடமும் ஒன்று உண்டு. அது கவனிப்பு. உறிஞ்சல் நின்றுபோய்க் கட்டு மட்டும் இருந்தால், அந்த மூடியே கிருமிகளுக்கு வீடாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படி விடலாகாது என்பது விதி. ரத்தக் குழாய் வெளியே தெரியும் புண்ணில் இது ஆபத்து. 2009-இல் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவே, ரத்தப் பெருக்கால் சிலர் இறந்ததைக் கூறி எச்சரித்தது. உள்ளே வைத்த பஞ்சுத் துண்டுகளை எண்ணி வைத்து, எடுக்கும்போதும் எண்ண வேண்டும். வீட்டில் யாரும் தாமாகச் செய்து பார்க்கிற வைத்தியம் அல்ல இது.

பெரியப்பாவின் புண் இரண்டு மாதத்தில் மூடியது. பாதம் தப்பியது. இப்போது தடியை ஊன்றிக்கொண்டு தெருமுனை வரை நடக்கிறார். “மெஷின்தான்டா என்னைக் காப்பாத்திச்சு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நானும் மறுப்பதில்லை. ஆனால் சோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் அந்த வயதான நர்ஸ் வராந்தாவில் வருவதைக் கண்டால், பெரியப்பா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிடுகிறார். “உட்காருங்க ஐயா, காலை ஊன்றாதீங்க” என்று அவர் கடிந்துகொள்வார். அவர் தாண்டிப் போகிற வரையில் இவர் உட்காருவதில்லை.